கேன்டீன் வேலையில் நிர்மலா இல்லை

காலையில் ஆபீஸ் கணினியைத் திறந்த நிர்மலாதேவி திரையை இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

மூன்று மாதமாக அவள் வரைந்துவந்த சுங்கை ஊடாங் கேன்டீன் புராஜெக்ட்டைத் திரையில் காணவில்லை. தேடிப் பார்த்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.

அனுமதி இல்லையாமே! சுவர் எங்கே, அடுப்பு எங்கே, கை கழுவும் இடம் எங்கே என்று ஒவ்வொரு கோட்டையும் போட்டவள் அவள். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

வேலை போனால் வாடகை அறை போகும், மகளின் பாலர் பள்ளியும் போகும். மலாக்கா டவுனில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இது ரோகினி அக்காவின் கைங்கரியம்தான்.

வாடிக்கையாளர்களோடு பேசுவது அவர். எந்தப் புராஜெக்ட்டை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று அந்த மென்பொருளின் சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பவரும் அவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி! முதலாளியே கெஞ்சித்தான் உள்ளே போவார் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

நிர்மலா விறுவிறுவென்று அவர் மேசைக்குப் போனாள். பாவம், போகிற வழியிலேயே கண் நிறைந்துவிட்டது.

"நான் என்னாக்கா தப்பு செஞ்சேன்? சொல்லிட்டாவது தூக்கியிருக்கலாம்லா!"

ரோகினி அக்கா பதறவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல இரும் பிள்ளை. இந்தப் பேரைப் பாரும்."

திரையில் ஓர் அழைப்பு இருந்தது, இன்னும் அனுப்பாமல். கேன்டீன் கட்டும் கம்பெனி, தன் புது மேற்பார்வையாளரையும் புராஜெக்ட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தது. சேர்த்துவிட்டால் அவருக்கு எல்லாமே தெரியும். வரைபடம் தெரியும். வரைந்தவரின் பெயர், முகம், கைப்பேசி எண், எல்லாம்.

தினேஷ்வரன் த/பெ காளிதாஸ்.

நிர்மலா பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவளைக் கட்டியவன். லூபோக் சீனா என்ற ஊரில் அவன் அவள் கையை முறித்த மறுநாள்தான், மகளைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை அவன் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, அழுகைக்கு நடுவே, ரோகினி அக்காவிடம் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு முறை. அக்கா அதை அப்பன் பெயரோடு ஞாபகம் வைத்திருந்தார்.

வரைபடங்களில் இப்போது ரோகினி என்று இருந்தது. அக்காவின் முகம், அக்காவின் எண். வரைபடத்தில் குறை கண்டு அவன் ஆத்திரத்தோடு கூப்பிட்டாலும் இனி எடுக்கப்போவது அந்தப் பூசாரிதான்.

"முதலாளியிட்ட கதைச்சிட்டன். உம்மட வேலைக்கு ஒண்டும் வராது. உம்மட பேர் எங்கயாவது இருக்கோ எண்டு நீரே ஒருக்காத் தேடிப் பார்த்திட்டு அழைப்பை அனுப்பும்" என்று மௌசை அவள் பக்கம் நகர்த்தினார்.

நிர்மலா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா!

பிறகு தேடினாள். ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு குறிப்பாக. எங்கேயும் அவள் பெயர் இல்லை. நிம்மதி நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் கையாலேயே அவனை உள்ளே விட்டாள்.