இங்கே ஆறு, அங்கே மூன்றரை

அடுத்தவன் வீட்டுச் சேவலுக்குக்கூட அவன் வணக்கம் சொல்லியாயிற்று.

கூட வேலை செய்யும் ரோடலின் கைபேசி மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பேசுகிறவன் திரையை எல்லோர் முகத்துக்கு நேராகவும் காட்ட வேண்டும். எல்லோரும் சிரித்துக் கையாட்ட வேண்டும். கரையில் இறங்கினால் அந்தக் கப்பல்காரர்களுக்கு இதுதான் வழக்கம்.

பிரிட்ஜ்டவுன் என்கிற தீவுத் துறைமுகத்தை ஒட்டிய சின்ன மதுக்கடை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மீன் பொரிகிற வாசனை. பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர்கள் டோமினோ கட்டைகளை ஓங்கி அடித்து ஆடினார்கள். ஒவ்வொரு அடிக்கும் பீர் பாட்டில்கள் குலுங்கின.

தீவு தீவாகச் சரக்கு இறக்கிவிட்டு வந்தவர்களுக்கு இன்றைக்கு நாலு மணி நேரம் விடுப்பு.

மொத்தம் ஒன்பது பேர். அவனைத் தவிர எட்டுப் பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். நல்லவர்கள். அவனை ஒருநாளும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஆனால் சிரிப்பு வந்தால் தங்கள் பாஷையில் சிரித்துவிடுவார்கள். ஒருவன் அதை அரைகுறை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்குள் ஆறிப் போயிருக்கும். ஆறியதற்கும் அவன் சிரிப்பான்.

இங்கே மாலை ஆறு என்றால் அவர்கள் ஊரில் காலை ஆறு. அம்மாக்கள் முற்றம் பெருக்குகிறார்கள். பிள்ளைகள் பல் விளக்கிய வாயோடு ஓடிவருகிறார்கள்.

தூத்துக்குடியில் மூன்றரை. விடியவில்லை.

நீ கூப்பிடவில்லையா என்று யாராவது கேட்டால், தூங்குவார்கள் என்பான். நல்ல சாக்கு. கடிகாரமே எடுத்துக் கொடுத்தது.

உண்மை அதுவல்ல. அவனுக்குப் பயம்.

ஒன்பது மாத ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், இன்னும் நாலு மாதம் இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டது. தலையை ஆட்டிவிட்டான். ஆட்டிய பிறகுதான் மனைவியிடம் சொன்னான்.

ஜெசிந்தா சண்டை போடவில்லை.

"அங்கனயே இருந்துக்கிடுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாற்பது நாள். கூப்பிட்டால் எடுப்பாள். சாப்பிட்டாயா என்றால், ம். உடம்புக்கு நன்றாக இருக்கிறதா என்றால், ம். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அந்த ம்-மைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் மனதில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா? கேட்கத் தைரியம் இல்லை. பத்து நாளாகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். இன்றைக்குக் கைபேசியை வேண்டுமென்றே கேபினில் போட்டுவிட்டு வந்திருந்தான்.

ரோடலின் அம்மா திரையில் அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்," என்றான் ரோடல்.

பேர்கூடத் தெரியாத ஒரு தாய். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து மீனில் முள் எடுப்பதுபோல் பாவனை செய்தான்.

ரோடல் கவனித்துவிட்டான். அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு கைபேசியை அவன் கையில் திணித்தான்.

"உன் முறை."

"தூங்குவாள்."

"மனைவிதானே? எழுப்பு."

மேசை முழுக்கக் கைதட்டியது. இனி தப்ப முடியாது. எண் மனப்பாடம். விரல் தானாக அழுத்திற்று. படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று காதில் வைத்துக்கொண்டான்.

மணி ஒரு தடவைதான் அடித்தது. எடுத்துவிட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"யாரு பேசுதீய? கப்பல்ல இருந்தா?"

குரல் நடுங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழக்கமில்லாத வெளிநாட்டு எண். விடியாத நேரம். கடலுக்குப் போனவன் வீட்டில் அந்த நேரத்தில் மணி அடித்தால், நினைப்பு ஒரே இடத்துக்குத்தான் போகும்.

"சார், அவியளுக்கு என்னாச்சி? உசுரோட இருக்காவளா? அத மட்டும் சொல்லுங்க சார்…"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பத்து நாளா போனே வரல சார். கோவத்துல நானும் கூப்பிடல. நாப்பது நாளா அவியகிட்ட நான் ஒரு வார்த்த சரியாப் பேசலயே… மாதா, பேசாமலே அனுப்பிட்டனே…"

நாற்பது நாளாய் அவன் கேட்கத் தவித்த பதில். அதை அவள் யாரோ ஒரு சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததற்கு அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது. உடனே நான்தான் என்று சொல்ல வேண்டும். அவன் கைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். சொல்லாமல் கழிகிற ஒவ்வொரு நொடியும் அங்கே அவன் செத்துக்கொண்டிருந்தான்.

மேசைக்காரர்கள் ஒன்றும் புரியாமல், அவன் காதில் இருந்த கைபேசியைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"நாந்தாம், ஜெசி," என்றான் ஒருவழியாக. "எனக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போன வைங்க," என்றாள்.

"சரி."

பக்கத்தில் இருந்தவன் கைபேசிக்காகக் கையை நீட்டினான். அவன் கொடுக்காமல் நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அந்தப் பக்கம் அவள் வைத்தபாடில்லை.