விரலுக்குக் கீழே ஒரு மலை

கொரியாவின் வயல்வெளிகளைச் சைக்கிளில் கடந்த முதல் இத்தாலியப் பலெர்மோத் தமிழர் தான்தான் என்று கிறிகோரி தேவாலயப் பங்கு மண்டபத்தில் முழங்கினார். சைக்கிள்காரரைக் கொண்டாடும் சிற்றூரொன்று தன்னை வரவேற்றதை மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு, ஒவ்வோர் இடத்தையும் சைக்கிளில் கடந்ததற்குச் சான்றாக வழிநெடுக முத்திரை குத்திய புத்தகத்தை உயர்த்தினார். ஒரு மலையை மட்டும் பஸ்ஸில் கடந்திருந்தார். அந்த மலைக்குரிய வெற்றுக் கட்டத்தைப் பெருவிரல் மறைத்தது.

"அண்ணை, மலையும் ஏறினனீங்களோ?" என்றாள் முன்வரிசையில் இருந்த செலஸ்ரீனா.

"ஓம், ஒரே மூச்சிலை!"

"அப்ப விரலை எடுங்கோ, பாப்பம்."

மண்டபம் சிரித்தது. வேறு வழியின்றி எடுத்தார். வெற்றாயிருந்த கட்டத்தில் இப்போது மலையின் முத்திரை சிவப்பாக இருந்தது, இன்றைய திகதியோடு. மை விரலிலும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"மெய்தானப்பா!" என்று செலஸ்ரீனா கைதட்டினாள்.

வெளியே, மழை காணாத வெயிலில் பூட்டியபடி நின்ற அவரது சைக்கிளிலிருந்து மலைச்சேறு சொட்டிக்கொண்டிருந்தது.