யூனுசுக்கு ஒரு சாட்சி

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டின் அறுபது மைல் சைக்கிள் போட்டி முடிந்து, கருணாகரன் காஜா பேராங் தெருவிலிருந்த தன் வீட்டுக்குத் தலைகுனிந்தபடி வந்தான்.

“நான் ரெண்டாவதுதான் மதி. யூனுஸ் ஜெயிச்சுட்டான். ஆனா முடிவுக் கோட்டைத் தாண்டினதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிருச்சு.”

அவன் மனைவி சந்திரமதி அவனருகே வந்தாள்.

“தெம்பு மாத்திரை முழுங்கினான்னு டாக்டர் சொல்றாராம். சைக்கிள் சங்கத்துக்காரங்க பரிசைத் திரும்ப வாங்கப் போறாங்க. செத்தவனைப் போய்த் திருடன்கிறாங்க லா!”

“நீங்க... நான் குடுத்த கோப்பியைக் குடிச்சீங்களா?”

“இப்ப அதுவா முக்கியம்? புக்கிட் பாரு மேட்டுல அவன் தண்ணி பாட்டில் விழுந்து உடைஞ்சிருச்சு. பாவம், நாக்கு வறண்டு வந்தான். என்னோட கோப்பியை அப்படியே குடுத்துட்டேன்.”

அவள் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தாள்.

“நாளைக்கு அவன் சம்சாரம் மும்தாஜோட போய் சங்கத்துல சாட்சி சொல்லப்போறேன். என் கையால குடுத்த கோப்பியைத் தவிர வழியில அவன் எதையும் தொடலை.”

சந்திரமதி முடிச்சை அவிழ்த்தாள். லாரிக்காரர்கள் தூக்கத்தை விரட்ட விழுங்கும் மாத்திரைகளில் இரண்டு மிச்சமிருந்தன. அவன் முன்னால் வைத்தாள்.

“சொன்னா குடிக்க மாட்டீங்கன்னு, நான்தான் கோப்பியில கரைச்சேன்.”