பிரிக்காத உறை

1948-ல் ஜெர்மனியில் பழைய பணம் போய்ப் புதுப் பணம் வந்த வாரத்தில் பழைய தபால்தலைகளின் மதிப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துபோனது. ஒன்று ஒட்ட வேண்டிய இடத்தில் பத்து ஒட்டிக்கொண்டு அன்று புறப்பட்ட ஒரு கடித உறை, இப்போது ஒரு சேகரிப்பாளரின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் வீற்றிருந்தது.

"இந்த மாதிரி உறைங்க ரெண்டு மூணு நாள்தான் போச்சு. அதுலயும் கிழியாதவ நான் ஒருத்திதான்" என்றது, பார்க்க வந்த பூதக்கண்ணாடியிடம்.

"நீ மட்டும் எப்படித் தப்பிச்சே?"

"நான் போய்ச் சேர்ந்தது ஓட்மார்ங்கிறவர்கிட்ட. அவருக்கும் ஸ்டாம்ப் பைத்தியம். என்னைப் பார்த்ததுமே கையிலிருந்த கத்தியைக் கீழே வச்சுட்டார். பிரிச்சா மவுசு போயிடும்னு அப்படியே ஆல்பத்துல சொருகிட்டார்."

"அப்போ உள்ளே இருக்கிற கடிதம்?"

"அதை யாரு கேட்டா?"

உறைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா, என்னை எழுதினது அவரோட தங்கச்சி. கைக்குழந்தையோட ஞாயித்துக்கிழமை ரயில்ல வரேன், ஸ்டேஷனுக்கு வந்துடு அண்ணான்னு எழுதியிருக்கா."

பூதக்கண்ணாடி குனிந்து, தபால் முத்திரையில் இருந்த 1948 என்ற ஆண்டைப் பார்த்தது.

"ஏன் அக்கா, இன்னுமா ஞாயித்துக்கிழமை வரலை?" என்று கேட்டது கடிதம்.