கண் கூசாத கண்ணாடி

ஏரிக்கரைக் கொக்குக்குப் பார்வை மங்கிவிட்டது. போதாக்குறைக்குத் தண்ணீரில் அடிக்கும் வெயில் வேறு கண்ணைக் கூச வைத்தது. மூன்று நாளாகக் குறி தப்பி, வெறும் வயிற்றோடு ஆமையின் கண்ணாடிக் கடைக்கு வந்தது.

முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தது. "எல்லாம் இருட்டாயிடுச்சு அண்ணே, கூச்சம் மட்டும் போகலையே!"

"வெறும் கறுப்பு அப்படித்தான். உனக்கு போலரைஸ்டு வேணும், தண்ணி மேல அடிக்கிற பளபளப்பை மட்டும் தடுக்கிற கண்ணாடி. உன் பவரிலேயே இருக்கு. போட்டா, நடுவுல தண்ணியே இல்லாத மாதிரி தெரியும்," என்றது ஆமை. "காலையிலகூட ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. அவருக்கும் மூணு நாளா குறி தப்புதாம்."

"அவரும் மீனுக்கா?"

"அதை நான் கேட்கலை. கீழேயிருந்து மேலே பார்க்கணும்னு சொன்னாரு."

பசியில் கொக்கு அதைக் காதில் வாங்கவில்லை. வழக்கமான இடத்துக்குப் போய், ஒற்றைக் காலில் நின்று, கண்ணாடியை மாட்டியது. பளபளப்பு துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. கூழாங்கல், பாசி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு மீனைக்கூடக் காணோம்.

மூன்று நாளாகக் காலடியில் கிடக்கும் மரக்கட்டையைக் கொக்கு அன்றுதான் சரியாகப் பார்த்தது. கட்டை, அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.