ஏழாவது கேள்வி

“ஒண்ணுன்னு எழுதிக்கோமா. இந்தத் தறியில வேலை செய்யறவன் நான் ஒருத்தன்தான். ஒரே கேள்வியை எத்தனை வாட்டி கேப்பே?”

ஆதிகேசவன் தறிக்குழியில் அமர்ந்தபடியே சலித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சேலை, பாதியில் நின்றுகொண்டிருந்தது.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த காந்தா கேள்வித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு மாணவி அவள். புள்ளியியல் பாடத்தின் செய்முறைக்காகப் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது நெசவாளர் வீடுகளில் கணக்கெடுக்க வேண்டும். குலுக்கலில் விழுந்த எண்களில் இதுவே கடைசி வீடு.

‘தறியில் வேலை செய்வோர் எத்தனை பேர்?’ என்பது ஏழாவது கேள்வி. முப்பத்தொன்பது வீடுகளிலும் அதற்கு ஒரே விடைதான் வந்திருந்தது: ஒருவர். எல்லா வீட்டிலும் ஒன்று என்றால் சராசரியும் ஒன்று. அதில் கூட்டிப் பார்க்கவோ வகுத்துப் பார்க்கவோ என்ன இருக்கிறது? ஆனால் அந்த அட்டவணையை நெசவாளர் சங்கம் கேட்டிருந்தது; அடுத்த மாதம் நடக்கவிருந்த கூலிப் பேச்சுக்கு அது போகவிருந்தது. தாளில் ஒருவர் என்றால் கூலியும் ஒருவருக்குத்தான். விடியலிலிருந்து நூல் சுற்றி விரல் தேய்ந்த பெண்களோ, அந்தத் தாளைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லாதவர்கள்!

“ஊடைக்கு நூலைத் தார்க்குச்சியில சுத்திக் குடுக்கிறது யாருண்ணே?”

“வூட்டுக்காரி.”

“அது வேலை இல்லையா?”

“அதெல்லாம் ஒரு வேலையா? சோறு ஆக்கறாப்பல அதுவும். சோறு ஆக்கறவளையும் எழுதுவியா நீ?”

உள்ளறையிலிருந்து ராட்டைச் சத்தத்தோடு அவர் மனைவி மணியம்மாளின் குரலும் வந்தது. “ஆமாமா, எனக்கு ஒரு வேலையும் கெடையாது. மகாராணி கணக்கா சாஞ்சிக்கினு இருக்கேன்.”

“நீ சும்மா இரு!” என்று உள்பக்கம் அதட்டிவிட்டு, ஆதிகேசவன் திரும்பினார். “ஏம்மா, உனக்குத் தெரியாததா? வேணும்னா மூணுன்னு நீயே போட்டுக்கோயேன். யாரு வேணாம்னாங்க?”

“எனக்குத் தெரிஞ்சதை எழுதக் கூடாது. பதில் சொல்றவங்க வாயில வந்ததைத்தான் எழுதணும். சீனிவாசன் சார் மொத வகுப்புலயே சொல்லிட்டாரு.”

“அப்ப என் வாயில வந்தது ஒண்ணு. எழுது!”

காந்தா ‘1’ என்று எழுதினாள். தாள் கிழிந்துவிடும் போலிருந்தது, பேனாவின் அழுத்தத்தில். பிறகு நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

“கடைசியா ஒண்ணு. வேலை நடக்கறதை நேர்ல பாக்கணும்னு இருக்குது. கொஞ்சம் நெய்து காட்டுங்க.”

“இவ்ளோதானே? அப்பாடா!”

தறியின் குறுக்கே ஊடை நூலை இழுத்தோடும் நாடாவை அவர் எறிந்தார். அரக்கு நிற ஊடை சேலையின் உடலைக் கடந்து ஓடி, பச்சைக் கரையின் விளிம்பில் நின்றது. காஞ்சிச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அந்தப் பச்சைக்கென்று தனி நாடா உண்டு; அதை வலப்பக்கத்திலிருந்து இன்னொரு கை எறிந்து, அரக்கு இழையோடு கோத்துத் தர வேண்டும்.

ஆதிகேசவன் வலப்பக்கம் பார்த்தார். பலகை காலியாக இருந்தது.

“மணி! இங்க வந்து ரெண்டு கை போடு.”

“வேலை செய்யறவங்களைக் கூப்பிடுய்யா. நான்தான் சும்மா இருக்கிறவளாச்சே!”

ராட்டைச் சத்தமும் நின்றது.

அவர் உடம்பை வளைத்து அந்தப் பச்சை நாடாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், எட்டவில்லை. இன்னும் வளைந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. பட்டு உடுத்திய ஊர்வலங்களை எத்தனையோ நூற்றாண்டாகப் பார்த்து வந்த நகரம் இது. அந்தப் பட்டில் பாதி எவர் கையால் ஆனது என்று ஒருவரேனும் கேட்டதுண்டா? இன்று ஒருத்தி கேட்டுவிட்டாள். விடை வராமல் நகர்வதாகவும் இல்லை.

“எத்தனை பேர் இல்லேன்னா இந்தத் தறி நின்னுபோகும், அண்ணே?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மூணு பேரு...”

“காதுல விழல!” என்றாள் மணியம்மாள் உள்ளேயிருந்து.

“மூணு பேரும்மா, மூணு! தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லிட்டேன், போதுமா?” என்று கத்திய ஆதிகேசவன், தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

காந்தா ‘1’ஐ அடித்துவிட்டு ‘3’ என்று எழுதினாள். அத்தோடு நிற்கவில்லை. அச்சிட்டிருந்த ஏழாவது கேள்வியையும் ஒரே கோட்டில் அடித்து, அதன் மேல் எழுதினாள்: ‘எவரெவர் கை நின்றால் உங்கள் தறி நிற்கும்?’

“நாளைக்கு அந்த முப்பத்தொன்பது வீட்டுக்கும் மறுபடி போறேன். இனிமே இப்படித்தான் கேக்கப் போறேன்.”

“முப்பத்தொன்பது வீடா! கால் என்னத்துக்கு ஆகும்மா?”

“கால் வலிச்சா வலிக்கட்டும். கணக்கு பொய் சொல்லக் கூடாது.”

அவள் கேள்வித்தாளை மடித்து வைத்தாள்; தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஒன்பது வயதிலிருந்து பள்ளிக்குப் போகுமுன்னும் கல்லூரி விட்டு வந்த பின்னும் தான் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப் போன அந்த வலப்பக்கப் பலகையில், கூடப் பிறந்த அண்ணனுக்கு அருகே அமர்ந்து, பச்சை நாடாவைக் கையில் எடுத்தாள்.