கிளென்மாரா பிரபுவின் இடம்

காகிதத்தைக் கிழித்ததும் முதலில் வெளியே வந்தது கிருதா.

அடுத்து மூக்கு. பிறகு அந்தக் கண்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எல்லோருக்கும் அந்தக் கண்களைத் தெரியும். ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு அந்த முகம் இருக்கிறது.

டூகல் மேலும் கிழிக்கப் போனார். இஷ்பெல் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும் டூகல் அண்ணே. மிச்சத்த மாட்டுன அப்புறம் பாத்துக்கலாம்."

"மாட்டுறதா? இவனையா?"

பிரபுவின் பழைய மாளிகைக் கூடத்தில் நாங்கள் நாற்பது பேர் நின்றிருந்தோம். ஏழு வருஷம் முட்டி மோதி, மனுமேல் மனு போட்டு, மலையும் பள்ளத்தாக்கும் மாளிகையுமாக எல்லாவற்றையும் ஊரே சேர்ந்து வாங்கிவிட்டது. சாவி கைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. ஊர்ச் சங்கத்தின் முதல் கூட்டம் அன்று காலை.

சங்கத் தலைவி இஷ்பெல், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எடின்பரோ ஆவணக் கூடத்தில் கிடந்த பிரபுவின் பழைய புகைப்படத்தைத் தேடிப் பிடித்து, இன்வர்னெஸில் ஒரு கடையில் கொடுத்து, கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்துவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்காட்லாந்து முழுக்க ஹோட்டல்காரர்கள் இப்படிப் பழைய பிரபுக்களை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். யார், என்ன பேர் என்றுகூடக் கேட்பதில்லை. கிருதா நன்றாக இருந்தால் போதும்.

எங்களுக்கு அப்படியா? ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்றில், ஆடு மேய இடம் வேண்டும் என்று இந்த மனிதர் அறுபத்திரண்டு குடும்பங்களைக் கூரையைக் கொளுத்தித் துரத்தினார். பாதிப் பேர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மீதிப் பேர் கடற்கரைப் பாறைகளில் ஒண்டினார்கள். நாங்கள் அந்த மீதி. டூகலின் கொள்ளுப்பாட்டி பிறந்தது ஒரு பாறை இடுக்கில்தான், கொட்டும் பனியில்.

"இவ்ளோ பாடுபட்டது தெனம் இவன் மூஞ்சியில முழிக்கவா?" டூகல் படத்தை நோக்கி விரலை நீட்டினார். "மாட்டணும்னா கக்கூசுல மாட்டும்மா. வேற எங்க மாட்டுனாலும் நான் சங்கத்துல இல்ல. கடக்கரையில ஒருத்தரும் இல்ல."

அவர் வாய்ச்சவடால் ஆள் இல்லை. அவர் போனால் கடற்கரையின் பதினோரு வீடுகளும் பின்னாலேயே போய்விடும். சங்கம் முதல் நாளே சிதறிவிடும். இஷ்பெலின் காது மடல் சிவந்திருந்தது. எனக்கும் அவள்மேல் கோபம்தான். பஸ் ஓட்டுகிறவளுக்கு எங்கே பிரேக் போட வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

"எங்க மாட்டுறேன்னு பாருங்க. அதுக்கப்புறமும் போறேன்னா நானே பஸ்ல ஏத்திக் கொண்டுபோய் விடுறேன்."

சொல்லிவிட்டுப் படத்தின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனை என் தலையில் விழுந்தது. ஊரில் தச்சுவேலை செய்கிறவன் நான் ஒருவன்தானே.

கூடத்தின் நல்ல சுவரில், கணப்புக்கு மேலே, பெரிய ஆணி ஒன்று காலியாக இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். இஷ்பெல் அதைத் தாண்டிப் போனாள். சாப்பாட்டு அறையைத் தாண்டினாள். கழிப்பறையையும் தாண்டினாள். பின்னால் டூகல் உறுமுவது கேட்டது.

கடைசி அறைக்குள் நுழைந்தோம். குத்தகை அறை.

ஜன்னலோரம் பிரபுவின் மேசையும் நாற்காலியும் அப்படியே இருக்கின்றன. இனிமேல் சங்கக் கூட்டம் நடக்கப்போவது அந்த மேசையில்தான். எதிரே, கதவோரச் சுவரை ஒட்டி, தரைப்பலகை தேய்ந்து குழிந்திருக்கிறது. குத்தகைக்காரர்கள் நின்ற இடம். பிரபு உட்கார்ந்து ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார். எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவராகக் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவையும் அங்கே நின்றுதான் கேட்டார்கள்.

இஷ்பெல் படத்தின் அடிமுனையைச் சரியாக அந்தக் குழியின் மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்தாள். நான் நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கினேன்.

மிச்சக் காகிதத்தை அவள் ஒரே இழுப்பில் உருவினாள்.

அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் கனவான்களை எப்படி நிறுத்துவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. புத்தகத்தில் நாங்கள் பார்த்தது வெறும் முகம். முழுப் படத்தில் பிரபு நின்றுகொண்டிருந்தார். பளபளக்கும் பூட்ஸ். முழங்கால்வரை கோட்டு. தலையில் ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

எங்கள் இடத்தில். மேசையைப் பார்த்தபடி.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

டூகல் படத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். தன் தொப்பியை எடுத்துத் தலையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவரின் கையிலிருந்து டீக் குவளையை வாங்கி, சர்க்கரை போட்டு, நிதானமாகக் கலக்கினார்.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"அங்கயே நில்லு. டீ குடிச்சிட்டுக் கூப்புடுறேன்."